சாம்பற்செவி

அந்த ஒரு பக்க நகலை அண்ணி பதினோராவது முறை படித்தபோது, எண்ணிக்கொண்டிருந்த கொழுந்தன் எண்ணுவதை விட்டுவிட்டான்.

காவல் நிலையத்துக்கு எதிரே வேன் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்தால் மறுபடி உயிர் வருமா என்பது வேனின் மனநிலையைப் பொறுத்தது. இன்று அதனிடம் கெஞ்ச நேரமில்லை. மணி ஒன்பதரை ஆகிவிட்டது. நான்கு மணிக்குள் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்தீங்கன்னா அந்தப் பேப்பர் பத்திக்கும் அண்ணி."

"சும்மா இருங்க தம்பி."

அவள் இருபத்திரண்டு வருடம் ஓர் அகராதி அலுவலகத்தில் பிழை திருத்தியவள். அலுவலகத்தை மூடினார்கள், பிழை தேடும் கண்ணை அவளால் மூட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் ஒரு போலிக் கையெழுத்து, பிறகு யாருக்கோ வந்த மொட்டைக் கடிதம் என்று ஆரம்பித்தது, இப்போது கதவில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டும் அளவுக்கு வந்திருந்தது. கூரியர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவனின் தம்பி, "துப்பறியப் போனா பார்சல் தூக்க வேண்டாமே" என்று வந்து ஒட்டிக்கொண்டான். நாற்பத்திரண்டு வயதில் அவன் எடுத்த ஒரே துணிச்சலான முடிவு அது.

பின் இருக்கையில் ஒரு தையற்காரி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தவள். எதிரே கம்பிக்குப் பின்னால் இருப்பது அவளுடைய தங்கை. நேற்று மாலை உள்ளே வைத்தார்கள்.

"ஒரு தடவை முதல்ல இருந்து சொல்லும்மா," என்றாள் அண்ணி.

"தங்கச்சி நாற்றுப் பண்ணையில வேலை பாக்கறா. செடி கொடியெல்லாம் அத்துப்படி. அதுவே வினையாப் போச்சு. முந்தாநாள் காலையில மாமனாருக்குக் கீரைச் சாறு வச்சுக் குடுத்திருக்கா. குடிச்சு அரை மணி நேரத்துல கண்ணு சொருகி விழுந்துட்டாரு. உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஏதோ மயக்க இலைன்னு டாக்டர் எழுதிட்டாரு. அன்னிக்கே கீரைக்காரம்மா தானா ஸ்டேஷனுக்கு வந்து, இந்த மருமகதான் கேட்டு வாங்கினான்னு சொல்லிடுச்சு. இன்னிக்கு நாலு மணிக்குக் கோர்ட்டுல நிறுத்தறாங்க. உள்ள தள்ளிட்டா பதினஞ்சு நாளாம். அவ குழந்தை என் வீட்டுல அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்குங்க."

கீரைக்காரியின் வாக்குமூலம் சுருக்கமாக இருந்தது. அந்தப் பெண் சாம்பற்செவி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டாள். மாட்டுக்கு வயிறு உப்பினால் கொடுக்கிற இலை அது, மனுஷருக்கு ஆகாது என்று சொன்னேன். தெரியும் என்றாள். கொடுத்தேன்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று தங்கை அழுதாள். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அவர் கெட்டிக்காரர், நூலகத்துக்கு ஆளனுப்பி வட்டாரச் செடிப் பெயர்களைத் தொகுத்த பழைய புத்தகம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதன் ஒரு பக்கத்தைத்தான் நகலெடுத்து அண்ணியிடம் கொடுத்தார்.

"பேரு அச்சுலயே இருக்கும்மா. கைநாட்டு வைக்கிற பொம்பளை எங்க போய்ப் புஸ்தகம் படிச்சா? உள்ளதைச் சொல்றா."

'ஆட்டுவிலக்கி, சாம்பற்செவி, மந்திமயக்கி. சாம்பல் நிற இலை. மயக்கும். கால்நடை மருந்து.' அவ்வளவுதான் அந்தப் பதிவு.

"எனக்கு ஒரு துப்பு கிடைச்சிருச்சு அண்ணி," என்றான் கொழுந்தன். "சந்தையில யாரு செவின்னு பேசறா? காதுன்னுதானே சொல்லுவாங்க. பேர்லயே திருட்டு முழி முழிக்குது."

"எலிச்செவின்னு கீரை இருக்கு. முயற்செவி இருக்கு. செடிப் பேர்ல செவி சகஜம்."

"சரி. துப்பு பிறந்து ஒரு நிமிஷத்துல செத்துப்போச்சு. சந்தைக்கு விடறேன்."

தையற்காரி தங்கைக்குச் சாப்பாடு கொடுக்க இறங்கிக்கொண்டாள்.

சந்தையில் அண்ணி நடக்கவில்லை, ஓடினாள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அவள் பின்னால் போவதற்குள் கொழுந்தனுக்கு மூச்சு வாங்கியது. கீரை விற்கிற நான்கு பேரிடம் கேட்டார்கள். ஒருத்தி, அது என்ன மருந்தா என்றாள். இன்னொருத்தி கையில் கிடைத்ததை எடுத்து, இதுதான், இரண்டு கட்டு வாங்கிக்குங்க என்றாள். சந்தைக்கு வெளியே இருந்த மாட்டு டாக்டர் முப்பது வருடத்தில் அந்தப் பெயர் காதில் விழுந்ததே இல்லை என்று தலையாட்டினார். விழாதது எதையும் நிரூபிக்காது. ஊருக்கு ஊர் பேரு மாறும்மா என்று இன்ஸ்பெக்டர் ஒரே வரியில் ஊதித் தள்ளிவிடுவார்.

சாட்சி சொன்ன கீரைக்காரி தார்ப்பாய் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். ஏற்கனவே நனைந்திருந்த கட்டுகளுக்கு மறுபடி மறுபடி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இலைக்கு வேற பேரு ஏதாவது உண்டாம்மா?" அண்ணி பக்கத்தில் குந்தினாள்.

கீரைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆட்டுவிலக்கி, சாம்பற்செவி, மந்திமயக்கி."

"சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஆட்டுவிலக்கி, சாம்பற்செவி, மந்திமயக்கி." அதே ராகம்.

"எப்படி இருக்கும்?"

"இலை மாதிரி இருக்கும்."

"பூ?"

"பூ மாதிரிதான்."

"வேர் எப்படின்னு நான் கேக்கவே இல்ல," என்றான் கொழுந்தன்.

கீரைக்காரி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. எம் பொழைப்பைக் கெடுக்காதீங்க, போங்க."

வேனில் ஏறியதும் அண்ணி கேட்டாள். "நம்ம தெருவில என்னென்ன கடை இருக்கு? யோசிக்காம சொல்லுங்க."

"டீக்கடை, சலூன், மருந்துக் கடை, இரும்புக் கடை."

"ஏன் டீக்கடை முதல்ல?"

"தினம் நாலு தடவை போறேன். உங்களுக்குத் தெரியாம அஞ்சாவது தடவையும்."

"வாயில எது புழங்குதோ அதுதான் முதல்ல வரும். இந்தம்மா வித்ததாச் சொல்ற பேரு சாம்பற்செவி. அது ஏன் நடுவுல வருது? ஆ, சா, ம."

கொழுந்தன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "அகரவரிசை."

"கைநாட்டு வைக்கிறவங்க அகரவரிசையில பேசறாங்க."

"யாரோ புஸ்தகத்தைப் பாத்து மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா புருஷன்காரன்தான். பெத்த அப்பன் பக்கத்துல சோகமா உக்காந்திருக்கிறவனை எந்தப் போலீஸும் சந்தேகப்படாது. நூறு ரூபா பந்தயம்."

"பந்தயம் அப்புறம். அகரவரிசைன்னு போய் நின்னா இன்ஸ்பெக்டர் சிரிப்பாரு. பேரு நிஜமா இருக்கறவரைக்கும் சாட்சியும் நிஜம். இந்தப் பேரு முதல்ல யார் வாயில இருந்து வந்ததுன்னு தெரியணும். புஸ்தகம் போட்டவரைத் தேடணும்."

நூலகத்தில் அவருடைய தொலைபேசி எண் கிடைத்தது. அவர் வனத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

கதவு திறந்ததும் காலணிப் பெட்டிகள் தெரிந்தன. சலவை இயந்திரத்தின் மேலே, கட்டிலுக்கு அடியில், ஜன்னலை மறைத்து எங்கே பார்த்தாலும் காலணிப் பெட்டிகள். உள்ளே செருப்பு ஒன்றுமில்லை. சீட்டுகள்தான். ஒரு பெயருக்கு ஒரு சீட்டு. யார் சொன்னது, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று பென்சிலில் பொடி எழுத்து.

தன் புத்தகத்தைப் பற்றிப் பேச இரண்டு பேர் படியேறி வந்ததில் பெரியவர் பூரித்துப்போயிருந்தார். "என்ன பேரு வேணும்? கேளுங்க. மூவாயிரத்து இருநூறு இருக்கு."

"ஆட்டுவிலக்கி," என்றாள் அண்ணி.

ஒரு நிமிடத்தில் சீட்டு வந்தது. மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த ஒரு பெண் சொன்னது. மந்திமயக்கி என்றதும் அதுவும் வந்தது. விறகு வெட்டப் போன ஒருவர், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் சொன்னது.

"சாம்பற்செவி."

பெட்டிமேல் இருந்த கை அப்படியே நின்றது. "அது… அந்தச் சீட்டு இல்ல. கரையான் அரிச்சிருச்சு."

"கரையானுக்குக் கூட அகரவரிசை தெரிஞ்சிருக்கு," என்றான் கொழுந்தன். "இந்தப் பக்கம் தொடல, அந்தப் பக்கம் தொடல. நடுவுல ஒண்ணை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டிருக்கு."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றாள். சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது. கொழுந்தனின் கால் தரையில் தாளம் போட ஆரம்பித்தது.

அண்ணி அவசரப்படவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"ஐயா, நான் அகராதி ஆபீஸ்ல இருந்தவ," என்றாள். "எங்க அகராதியில ஒரு சொல் இருந்துச்சு. உலகத்துல யாரும் பேசாத சொல். எங்க உழைப்பை எவனாவது அப்படியே அடிச்சுத் தன் பேர்ல போட்டா, அந்தச் சொல்லும் அங்க போயிடும், கையும் களவுமாப் பிடிச்சிடலாம்னு ஆசிரியர் வச்சது. அவருக்கும் பிழை திருத்தின எனக்கும் மட்டும்தான் அது தெரியும்."

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை திருடிட்டாங்கம்மா. நான் காடு மேடெல்லாம் அலைஞ்சு எழுதின கட்டுரையை ஒருத்தன் அவன் பேர்ல போட்டுக்கிட்டான். நான் சொன்னா எவன் நம்பறான்? அதான் புஸ்தகம் போடறப்போ ஒண்ணே ஒண்ணு வச்சேன். வீட்டுல ஒரு சாம்பல் பூனை இருந்துச்சு. யாராவது வந்தா காதை மட்டும் திருப்பும். அதைப் பாத்துக்கிட்டே எழுதினேன்." குரல் இறங்கியது. "மூவாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொன்பது நிஜம். இதை வெளிய சொன்னா மிச்சம் எதையாவது எவனாவது நம்புவானா?"

"சொல்லலைன்னா ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போறா."

"யாரு?"

"உங்க பூனையோட காதை மாமனாருக்குக் கரைச்சுக் குடுத்ததா கேஸு," என்றான் கொழுந்தன்.

பெரியவர் சிரிக்கவில்லை. பெட்டிகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு மகளிடம் பேனா கேட்டார். 'சாம்பற்செவி என்ற பெயர் என் கற்பனை. அதை மக்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். முதல் கையெழுத்து கோணலாக விழுந்தது. அடித்துவிட்டு மறுபடி போட்டார்.

"இது பொய்ப் பேருன்னு வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒருத்தருக்கும் தெரியாது. டைப் அடிச்சவர்கிட்ட கூடச் சொல்லல. பாவம், தங்கமான மனுஷன். நான் விட்ட பிழையைக்கூட அவர் திருத்திடுவாரு. முதல் பிரதியை அவருக்குத்தான் குடுத்தேன்."

"இப்போ எங்க இருக்காரு?"

"இங்கதான். ரயில்வே கேட்டுகிட்ட இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தாரு. போன மாசம்கூட போன் பண்ணினாரே. மகன் குடும்பத்தோட வெளிநாடு கிளம்பறான், நான் ஒண்டிக்கட்டையா ஆயிடுவேன்னு ஒரே புலம்பல். பேச்சோட பேச்சா, மயக்கற இலையில உயிருக்கு ஆபத்து இல்லாதது எதுன்னு கேட்டாரு. தூக்கம் வராம கேக்கறாருன்னு நெனச்சேன்."

கொழுந்தன் கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். அண்ணி ஏற்கனவே தையற்காரிக்கு போன் போட்டிருந்தாள்.

"உன் தங்கச்சியோட மாமனார் என்ன வேலை பாத்தாரு?"

"டைப் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தாரு. ஏங்க?"

படிகளை இறங்கும்போது கொழுந்தன் நூறு ரூபாயை எடுத்து அண்ணியிடம் நீட்டினான். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"இன்னும் ஒண்ணு இடிக்குது அண்ணி. ஊமத்தைன்னு சொல்லியிருக்கலாமே. எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. எதுக்கு இந்த வம்பு?"

"தெரிஞ்ச விஷத்தை வித்தேன்னு சொன்னா கீரைக்காரம்மாவும் உள்ள போகணும். யாருக்கும் தெரியாத பேரைச் சொல்லிக் கேட்டான்னு சொன்னா, கேட்டவதான் குற்றவாளி. அதுவும் செடி தெரிஞ்ச மருமக. வேனை விரட்டுங்க."

ஆஸ்பத்திரியில் மணி மூன்று அடிக்கப் பத்து நிமிடம். போனில் சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்து அறை வாசலோரம் நின்றுகொண்டார். உள்ளே கட்டிலில் மாமனார் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, வழித்துச் சீவிய தலை. ஓரத்தில் பேனாவால் அச்சுப் பிழையைச் சுழித்து வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் மகன் இருந்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"உங்க மருமகளை விட்டுடப் போறாங்க ஐயா," என்றாள் அண்ணி.

செய்தித்தாள் இறங்கியது. "எப்படி?"

"கீரைக்காரம்மா சொன்னது பொய். ஊர் பூரா விசாரிச்சாச்சு. சாம்பற்செவின்னு ஒரு பேரே கிடையாது."

"விசாரணை சரியில்ல," என்றார் அவர், சட்டென்று. மாணவனின் தாளைத் திருப்பி எறிகிற குரல். "அச்சுல இருக்கு. நூத்தி நாப்பத்திரெண்டாம் பக்கம்."

மூன்று நொடி கழித்துத்தான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். "செடிப் பேரெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நேத்து எழுதிக் குடுத்தீங்களே சார். புஸ்தகம் ஒண்ணு இருக்குன்னே நான் உங்ககிட்ட சொல்லலையே."

பெரியவர் எழுதிய கடிதத்தை அண்ணி மாமனாரின் மடியில் வைத்தாள். அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார்.

"அந்தப் புஸ்தகத்தை நான்தான் டைப் அடிச்சேன்," என்றார். "ஒவ்வொரு எழுத்தா. எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க."

மகன் எழுந்துவிட்டான். "அப்பா, என்ன சொல்றீங்க?"

அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சாற்றில் இலையைக் கலந்தது அவரேதான். கீரைக்காரியின் பெண்ணுக்குக் காசு வாங்காமல் தட்டச்சு சொல்லிக்கொடுத்து வேலைக்கும் சொல்லிவிட்டவர் அவர். அவர் சொல்லிக்கொடுத்த பொய்ச் சாட்சியைச் சொல்லக் கீரைக்காரி மறுக்கவில்லை.

"கேஸுன்னு ஒண்ணு இருந்தா பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். ரெண்டு தடவை கூப்பிட்டு விசாரிப்பாங்க, பயணம் தள்ளிப்போகும், அப்புறம் நானே எதையாவது சொல்லி முடிச்சுக்கலாம்னு. உள்ள வைப்பாங்கன்னு நெனைக்கல." மகனை நிமிர்ந்து பார்த்தார். "அந்த வீட்டுல நான் தனியா எப்படிடா இருப்பேன்?"

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைக் கொழுந்தன் பார்த்தான். நக்கலாக ஏதோ சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"கீரைக்காரியை விட்டுடுங்க. அவ மேல தப்பில்ல," என்றார் மாமனார்.

"அதைக் கோர்ட்டு சொல்லும் சார்," என்று இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "மணி மூணே காலு. நான் முதல்ல அங்க ஓடணும்."

நான்கரை மணிக்குத் தங்கையை விட்டார்கள். நீதிமன்றப் படிகளில் அக்காவின் தோளைப் பிடித்தபடி இறங்கி வந்தாள். நகத்தில் இன்னும் பண்ணை மண் இருந்தது. கடைசிப் படியருகே கணவன் நின்றிருந்தான். அவனை அண்ணிதான் வேனில் கூட்டி வந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போலாம் வா," என்றான்.

அவள் நின்றாள். "ஸ்டேஷனுக்கு ஒரு தடவை வந்தீங்கல்ல, அப்போ என்ன கேட்டீங்க?"

அவன் வேனின் பக்கம் பார்த்தான்.

"ஏன் இப்படிப் பண்ணினேன்னு கேட்டீங்க. பண்ணினியான்னு கேக்கல."

"அப்பா படுத்திருந்த நிலைமையில எனக்கு எதுவும் ஓடல. நான்…"

"தெரியும். கோபமாச் சொல்லல." அவள் குரல் உயரவே இல்லை. "பதினெட்டாம் தேதிக்கு மூணு டிக்கெட் இருக்கு. அந்த வெளிநாட்டு வேலை எனக்குத்தானே கிடைச்சது. நானும் பாப்பாவும் கிளம்பறோம். நீங்க உங்க அப்பாவோட இருங்க. அவரால தனியா இருக்க முடியாது. அது நிஜம்."

"நான் எப்போ வர்றது?"

"அங்க போய் யோசிச்சுச் சொல்றேன்."

அவள் அவனைத் தாண்டி வந்து வேனின் பின் கதவைத் தானே திறந்து ஏறினாள். அக்காவும் ஏறினாள். அண்ணி முன்னால் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். படியருகே அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்கம்மா விடணும்?" என்று கேட்டான் கொழுந்தன்.

"அக்கா வீட்டுக்கு. சீக்கிரம் போங்கண்ணே. பாப்பா தூங்கிடுவா."